வயலினை அழவைக்கும் கல்

புதன்கிழமையானால் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் குடோனின் மாடிப்படியில் வரிசை நிற்கும். டாக்டரைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நல்ல சுகத்தோடுதான் இருந்தார்கள். சுகமில்லாதது அவர்கள் கையிலிருந்த கம்ப்யூட்டருக்கு. மார்த்தாண்டத்திலிருந்தும் திருவட்டாற்றிலிருந்தும் அதைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

மாடியில் இருந்தவர் நாத நிபுணர் செல்வதாஸ். மஸ்கட்டில் ஏழு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், திரும்பும்போது ஞானத்தோடு வந்து இறங்கினார். ஞானத்துக்குச் சுங்கவரி கிடையாது அல்லவா?

இது 2011ஆம் வருஷத்துக் கதை. அப்போது நம் மாவட்டத்தில் எந்தச் சபையைத் தொட்டாலும் ஒரு பாடகர் குழு, ஒரு கிறிஸ்துமஸ் சிடி. எந்தக் கோயிலைத் தொட்டாலும் ஒரு பக்திப் பாடல் சிடி. முன்பெல்லாம் ஒரு கீபோர்டும் ஒரு தபேலாவும் இருந்தால் பாட்டு முடிந்துவிடும். இப்போது எல்லோருக்கும் அறுபது வயலின் வேண்டியிருந்தது. அறுபது வயலின்காரர்களுக்குச் சோறு போட யாருக்கு வகையிருக்கிறது? அதற்காக வந்ததுதான் ஸாம்பிள் லைப்ரரி. வெளிநாட்டில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, டிவிடியில் அடைத்து விற்பார்கள். இங்கே கட்டையை அமுக்கினால் அங்கே வாசித்த வயலின் ஒலிக்கும். அவ்வளவு பதிவுகளையும் தாங்குகிற கம்ப்யூட்டர் வேண்டும். எத்தனை மெமரி, எந்த ஹார்ட் டிஸ்க், எந்த விண்டோஸ் என்று பார்த்து வாங்க வேண்டும். பார்த்து வாங்குவது கஷ்டம். கும்பிட்டு வாங்குவது சுலபம்.

இரணியல் ஞானசிங்கும் கும்பிட்டு வாங்குகிற கட்சிதான். சபையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். சனி, ஞாயிறில் கல்யாண வரவேற்பில் பிரியாணி வாசனைக்கு நடுவே நின்று வாசிப்பார். இருபது வருஷமாக இதே பிழைப்பு. இந்த நிலையில் திருவனந்தபுரத்துச் சீரியல் கம்பெனி ஒன்று, ஐந்து நிமிஷக் காட்சி ஒன்றைக் கொடுத்து, பதினைந்து நாளில் பின்னணி இசை போட்டு அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் முழுச் சீரியலும் அவருக்கு. கல்யாண மண்டபத்துக்கு ஒரேயடியாகக் கும்பிடு போட்டுவிடலாம். அப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு இதற்கு முன்னும் வந்ததில்லை, இனி வரும் என்று சொல்லவும் முடியாது.

ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் வயலினும் ஹார்ன் வாத்தியமும் சேர்ந்து வந்தால் சட்டியில் கடலை பொரிகிற சத்தம்தான் கேட்டது. கதாநாயகி கணவனைப் பறிகொடுத்து அழுகிற இடத்தில் கடலை பொரிந்தால் எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்?

ஞானசிங் கூப்பிட, செல்வதாஸ் அவர் வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"எத்தன ஜிபி மெமரி போட்டீரு?"

"எட்டு ஜிபி போட்டேன் அண்ணே."

"இஞ்ச பாரும். எட்டுல உபயோகத்துக்கு மூணே காலுண்ணு எழுதியிருக்கு. பாக்கி நாலே முக்கால எவன் தின்னான்?"

ஞானசிங்குக்கு உடம்பு சிலிர்த்தது. "எவன் அண்ணே?"

"நாத தோஷம் தின்னுச்சு."

பெட்டியைத் திறந்தார். செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் கூழாங்கல் ஒன்று இருந்தது. "இது பேச்சிப்பாற அணைக்கு அடியில கெடந்த கல்லு. நூறு வருஷமா வெள்ளம் சாடுத சத்தத்தக் கேட்ட கல்லாக்கும். இத மேல வச்சா வயலின் தானா அழும். ஜெபிப்போம், எல்லாரும் கண்ண மூடுங்கோ."

ஞானசிங் மூடினார். ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஊரில் யாருக்கும் அந்தப் பழக்கம் போகாது. செல்வதாஸ் இதில் பேதம் பார்ப்பவரும் அல்ல. இந்து வீடாக இருந்தால் ஜெப எண்ணெய் பூசுவதற்குப் பதில் கற்பூரம் ஏற்றுவார், அங்கேயும் கண்ணை மூடத்தான் சொல்வார். மதநல்லிணக்கத்துக்கு இப்படியும் ஒரு தொண்டு.

ஜெபம் ஆறு நிமிஷம் நடந்தது. ஆமென் சொல்லிவிட்டு வாசித்துப் பார்த்தால் கடலைச் சத்தம் போயே போய்விட்டது! ஞானசிங்குக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான். கட்டையை அமுக்கிய பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் சத்தம் வந்தது.

"அது அப்பிடித்தான் மக்கா," என்றார் செல்வதாஸ். "அறுபது பேரு வயலின் வில்ல எடுத்து வைக்கணும் இல்லியா? அதுக்கு உள்ள நேரமாக்கும்."

இந்தப் பதிலைக் கேட்டு மகிழ்ந்தவருக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், மூன்று டிப்ளமோ வேறு.

அவர் மனைவி ஷிபா தக்கலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். குப்பியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்காமல் எதையும் தொடமாட்டாள். அன்று ஜெபத்தில் அவளும் கண்ணை மூடித்தான் இருந்தாள். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்ததால் திறந்தாள். செல்வதாஸின் இடது கை வானத்தைப் பார்த்து நின்றது. வலது கை மவுஸைப் பிடித்து ஏதோ சொடுக்கிக்கொண்டிருந்தது.

அவர் போனபின் கேட்டாள். "கேட்டியளா, ஜெபத்துக்கு மவுஸ் எதுக்கு?"

"ஏட்டி மிண்டாத, வாய மூடு. தேவ காரியத்துல சந்தேகப்படப்பிடாது."

"சந்தேகப்படாம நான் ஒரு ரிப்போட்டு எழுதிக் குடுத்தா நீங்க அத நம்பி மருந்து தின்னுவியளா?"

ஞானசிங் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். கேள்வி நல்ல கேள்வியாக இருந்தால் ஆண்கள் வாசலைப் பார்த்துப் போய்விடுவது வழக்கம்.

நாலு நாளில் உண்மை வேலையைக் காட்டியது. சத்தம் பிந்தி வருவதால் அவர் எதை வாசித்தாலும் காட்சியோடு ஒட்டவில்லை. கதாநாயகி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு வயலின் அழ ஆரம்பித்தது. செல்வதாஸிடம் ஓடினார். அவர் கண்ணை மூடி யோசித்து, "ஒமக்க கம்ப்யூட்டருக்கு வயசு முடிஞ்சாச்சு. எனக்க ராஜநாத கம்ப்யூட்டர் செட்ட எடுத்துக்கிடும். கல்லு உள்ளேயே வச்சு அடச்சது. பைசா வேண்டாம், ஒமக்க கீபோர்டத் தந்தாப் போதும்" என்றார்.

கீபோர்டு போனால் சபையில் வாசிக்க முடியாது, கல்யாணத்தில் வாசிக்க முடியாது. சீரியலும் கிடைக்காமல் போனால் வீட்டில் ராஜநாதத்தை வைத்துப் பூஜை செய்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். அப்படியும் ஞானசிங் சரி என்றார். வரும் சனிக்கிழமை குலசேகரத்து மண்டபத்தில் நாத மகாசங்கமம், பழைய கம்ப்யூட்டரையும் கொண்டுவரட்டும், எல்லோர் முன்னிலையிலும் கைமாற்றம் என்று முடிவாயிற்று.

ஷிபா சண்டை போடவில்லை. வேலை முடிந்து வரும்போது பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தில் இருந்த வரிகளை அப்படியே தட்டி, கடலை பொரிகிற சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தாள். விடை முதல் பக்கத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேர். முன்வரிசையில் சபை மூப்பர் ஏசுஅடிமையும் பஜனைக் குழுத் தலைவர் கோலப்பனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வருஷம் முழுக்கப் பேசிக்கொள்ளாத இருவரையும் ஒரு கல் சேர்த்துவைத்திருந்தது. மேடையில் ஞானசிங்கின் கம்ப்யூட்டர், பக்கத்தில் கீபோர்டு. தோஷம் எவ்வளவு பொல்லாதது என்று ஜனங்களுக்குக் காட்ட, செல்வதாஸ் முதல் நாளே வந்து, ஜெபத்தில் தான் கட்டியதாகச் சொன்ன 'நாத பந்தனத்தை' எடுத்துவிட்டிருந்தார். வாசிக்கச் சொன்னார். கடலை பொரிந்தது. கூட்டம் "ஐயோ" என்றது.

"இப்பம் கல்ல வச்சு ஜெபிக்கேன். கண்ண மூடுங்கோ."

"ஒரு நிமிஷம் அண்ணே," என்று ஷிபா மேடையேறினாள். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து மவுஸின் வயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டாள். "இனி ஜெபிங்கோ."

செல்வதாஸ் மவுஸுக்குக் கை நீட்டினார். "அதென்ன பிள்ளே? மவுஸ வையும்."

"ஜெபத்துக்கும் கல்லுக்கும் மவுஸ் எதுக்கு அண்ணே?"

"அது... உறுப்பு கொறஞ்ச கம்ப்யூட்டருல நாதம் நிக்காது."

"எனக்க ரேடியோவுக்கு மவுசே கெடையாது, அதுல நாதம் நிக்குதே?" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூப்பர் ஏசுஅடிமை எழுந்து, "ஜெபியும் செல்வதாசு, பாப்போம்" என்றார்.

ஜெபித்தார். எண்ணெய் பூசினார். கோலப்பனுக்காகக் கற்பூரமும் ஏற்றினார். கல்லை மேலே வைத்தார், பக்கத்தில் வைத்தார், திருப்பி வைத்தார். வேர்வை கல்லின் மேல் சொட்டியது. ஞானசிங் வாசித்தார். கடலை பொரிந்தது.

"அவிசுவாசம் இருக்கிய எடத்துல கல்லு வேல செய்யாது!" என்று கத்தினார் செல்வதாஸ்.

"அப்பம் விசுவாசம் இல்லாமலே செய்து காட்டுதேன்," என்றாள் ஷிபா. கல்லை எடுத்து மூப்பர் கையில் கொடுத்தாள். "மூப்பரே, இத எதிர்க்க இருக்கிய டீக்கட வரைக்கும் கொண்டு போங்கோ. ஒரு சாய குடிச்சிட்டு வாங்கோ."

மூப்பர் போனார். ஷிபா மானிட்டரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். மவுஸை மாட்டினாள். "எல்லாரும் கண்ணத் தொறந்து பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே பஃபர் என்று எழுதியிருந்த இடத்தில் 128ஐ 2048 ஆக்கினாள். சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு நிதானமாக வெளியே விடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அளவு அது. ஞானசிங் வாசித்தார். மண்டபம் முழுக்க வயலின், ஒரு பொரிச்சலும் இல்லை. கல் அப்போது டீக்கடையில் பழம்பொரியின் பக்கத்தில் இருந்தது.

"சேத்து வச்சு விடுததுனாலதான் சத்தம் பிந்தி வருது, வில்லெடுக்க நேரமாவுததுனால இல்ல. மெமரிய தோஷமும் தின்னல்ல. அண்ணன் வெரல வச்ச வரிக்குத் தொட்டுக் கீழ 32-பிட் விண்டோஸுண்ணு எழுதியிருக்கு. அதுக்கு நாலு ஜிபிக்கு மேல எடுக்கத் தெரியாது. 64-பிட் போட்டா எட்டும் கெடைக்கும், பொரியவும் செய்யாது, பிந்தவும் செய்யாது. கல்லும் வேண்டாம், கீபோர்டும் குடுக்க வேண்டாம்."

கூட்டம் செல்வதாஸைத் தேடியபோது அவர் மேடையில் இல்லை. கார் கிளம்புகிற சத்தம் மட்டும் பிந்தாமல் வந்தது.

ஞானசிங் கீபோர்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெட்கத்தில் காது சிவந்திருந்தது. "ஏட்டி, நீ சொல்லும்போ நான் கேட்டிருக்கணும்" என்று முந்நூறு பேர் நடுவே சொன்னார். பதினான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே புது விண்டோஸ் போட்டார். பஃபரைப் பழைய அளவுக்கே இறக்கினார். வயலின் அழ வேண்டிய இடத்தில் அழுதது. சீரியல் கம்பெனிக்காரன் கேட்டுவிட்டு, முழுச் சீரியலுக்கும் நீங்கள்தான் என்று போன் செய்தான்.

இத்தோடு ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று முடித்தால் அது கட்டுக்கதை ஆகிவிடும். அடுத்த புதன்கிழமை ஞானசிங் வீட்டு வாசலில் துண்டில் சுற்றிய கம்ப்யூட்டர்களோடு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் திருவட்டாறு தங்கப்பன், ரெண்டு பக்திப் பாடல் சிடி வெளியிட்டவர். ஷிபாவைக் கண்டதும் கைகூப்பினார்.

"பிள்ளே, அந்தக் கல்லுல ஒண்ணும் இல்லண்ணு இப்பம் எங்களுக்கு மனசிலாச்சு. சக்தி எல்லாம் நீங்க கையில பிடிச்ச அந்த மவுசுலதான். அதுக்கு என்ன வெல சொல்லுதீங்க?"

ஷிபா வாசற்படியில் இறங்கி வந்தாள்.

"மவுசு இருக்கட்டும் அண்ணே. ஒங்க மண்டைக்குள்ள ஒரு சாதனம் கெடக்கு, அம்பது வருஷமா ஒற பிரிக்காம வச்சிருக்கீங்க. முதல்ல அத ஒருக்கா எடுத்து ஓட்டிப் பாருங்கோ. அது ஓடல்லண்ணா வாங்கோ, மவுசுக்கு வெல பேசுவோம்."