டோரதி பார்த்த நாடி

எனக்கும் என் மனைவி டோரதிக்கும் நடந்த யுத்தம் ஆட்டுக்கறியைப் பற்றியது. அதில் ஜெயித்தே தீருவது என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷத் தபசுக் காலத்தில் தீர்மானம் செய்தேன்.

நான் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். பள்ளிக்கூடத்தையே அட்டென்ஷனில் நிறுத்திய குரல் இது. வீட்டுக்குள் மட்டும் எடுபடாது. எனக்கு அறுபது முடிந்த அன்றே டோரதி சட்டம் போட்டுவிட்டாள்: "இனிமே கறி கிடையாது. ரத்தக் குழாய் கெட்டுடும்." மற்ற கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் வரைக்கும்தான் கறி தொடாத தபசு. எனக்கு வருஷம் முழுக்கத் தபசு!

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் சீனிவாசராகவன் எங்கள் உல்சூர்ப் பக்கம் சோதனைக்குக் கிழவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் சீமை மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். மணிக்கட்டில் பட்டை கட்டினால், நாடி துடிப்பதை ஒரு முள் காகிதத்தில் அலை அலையாக வரையுமாம். குழாயின் யோக்கியதை அதில் தெரிந்துவிடுமாம்.

"டோரதி, என் குழாய் நல்லாயிருக்குன்னு மெஷின் சொல்லிட்டா?"

"ஈஸ்டர்லேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாம கறி."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா நானும் கூட வருவேன்."

"நீ எதுக்கு?"

"உங்களைத் தனியா அனுப்பினா வீடு வந்து என்ன கதை அளப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

வாசகர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். என் பாதை சிவாஜிநகர் மிலிட்டரி ஓட்டலில் முடியும். அங்கே ஆட்டுக்கறியைக் கொத்திப் பிடித்த கைமா உருண்டை. திரும்பி வந்து, ஒருசந்தி விரதக் கஞ்சிகூட வேண்டாம் என்று படுத்துவிடுவேன். என் பக்தியைப் பார்த்து டோரதி கண்ணைச் சுருக்குவாள். பூரித்துப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். "குழாய் இளசா இருந்தா, அலை இறங்கற இடத்துல ஒரு சின்னப் படி தெரியும் சார். விறைச்சுப் போயிட்டா அந்தப் படி அழிஞ்சுடும்."

"எனக்கு மாடிப்படி மாதிரியே தெரியும், பாருங்க!"

"கண்ணை மூடி அசையாம படுங்க சார். அம்மா, இவர்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க. மனசு பதறினா நாடியும் பதறும்."

"அப்படியா தம்பி?" என்றாள் டோரதி. அந்த 'அப்படியா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

பட்டை கட்டினார்கள். கண்ணை மூடினேன். எங்கேயோ கதவு கிறீச்சிட்டது. மெஷின் கரகரவென்று ஓடியது. டோரதி காதருகே வந்தாள்.

"போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை எப்படிங்க இருந்துச்சு?"

"பேசக் கூடாதுன்னாரே!"

"நான்தானே பேசறேன். நீங்க சும்மா படுங்க. அடடே, முள்ளு துள்ளுதே!"

"எங்கே?"

"கண்ணைத் திறக்காதீங்க, அலை கெட்டுடும். ஃபிரேசர் டவுன்... சும்மா இருக்கு. உல்சூர்... சும்மா இருக்கு. சிவாஜிநகர்... ஐயையோ! என்ன தம்பி, காகிதத்தை விட்டே வெளியே போகுது!"

டாக்டர் பதில் பேசவில்லை. பாவம், வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கோ வியர்த்துக் கொட்டியது.

"காப்பிக் கிளப்பா? இல்லே. மிலிட்டரி ஓட்டலா? அம்மாடி, என்னா குதி! உள்ளே என்ன, கோழியா? முள்ளு ஆடலே. ஈரலா? ஆடலே..."

"கைமா உருண்டை!" என்று அலறினேன். "எல்லா வெள்ளிக்கிழமையும்! போதும் டோரதி, நிறுத்து! இந்தப் பாழாய்ப்போன முள்ளு என் மானத்தை வாங்குது!"

"தபசு வெள்ளிக்கிழமையில கைமா உருண்டை! சேசுவே!" அவள் சிலுவை போட்டுக்கொள்ளும்போது வளையல் குலுங்கியது. "ஈஸ்டர் கறி போச்சு. இனிமே வெள்ளிக்கிழமை என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சிலுவைப்பாதை."

விஞ்ஞானம் ஒழிக என்று கத்த வேண்டும் போலிருந்தது. கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும் சார், காகிதச் சுருளைத் தேடிப் பிடிக்க நேரமாயிடுத்து. இப்போ மெஷினைப் போடலாமா?"