குண்டலிகா சாரும் காலை எட்டரை மணித் தண்ணீரும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை வருவதற்குள் ஓர் ஆற்றின் முழு வரலாற்றையும், கேட்பவருக்கு இஷ்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்லி முடித்துவிடக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் குண்டலிகா சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று, பதினோரு வருடம் ஒரே பெட்டியில் போயும் எனக்குத் தெரியாது. பணி ஓய்வு அழைப்பிதழில் பார்த்தேன். மறுநாளே மறந்துவிட்டேன்.

குண்டலிகா என்பது மகாராஷ்டிரத்தில் கோலாட் என்ற ஊர்ப் பக்கம் ஓடும் ஆறு. நுரைத்துப் பாயும் தண்ணீரில் ரப்பர் படகில் ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் ராஃப்டிங்குக்குப் பேர்போனது. நம் சாருக்கு வீடு மாடம்பாக்கத்தில், வேலை நுங்கம்பாக்கத்தில் கட்டட வரைபடம் போடுவது. நடுவில் இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அது பெரிய கதை சார்" என்று ஆரம்பித்து, ஆற்றின் கதையைச் சொல்வாரே தவிர அந்தக் கதையைச் சொல்ல மாட்டார்.

"சாதாரண ஆறுன்னா மழை பெஞ்சா ஓடும், இல்லேன்னா படுத்துக்கும். இது டைம்டேபிள் ஆறு சார்! மலை மேல அணை கட்டிக் கரண்ட் எடுக்கறாங்க. எடுத்து முடிச்ச தண்ணியக் கீழே ஆத்துல விடறாங்க. காலைல விட்டா சாயந்திரத்துக்குள்ள வடிஞ்சுடும். ஊர்க்காரங்க அந்த நேரத்துல துணி தோய்க்கக்கூட இறங்க மாட்டாங்க. அப்பத்தான் எவனோ ஒருத்தன் ரப்பர் படகைத் தூக்கிக்கிட்டு வந்தான்..."

இந்த இடத்தில் குரோம்பேட்டை வந்துவிடும். கூட்டம் முண்டியடித்து ஏறும். படகுக்காரன் படகைத் தூக்கியபடியே பல்லாவரம் வரை காத்திருப்பான். அப்புறம் ஊர்க்காரர்கள் அவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். மீனம்பாக்கத்தில் அவனோடு நாலு பேர் ஏறுவார்கள். கிண்டியில் உள்ளூர் விவசாயிகளே துடுப்புப் பிடித்து வழிகாட்டிகள் ஆகிவிடுவார்கள். சைதாப்பேட்டையில் உலகமே கோலாட்டுக்கு வந்து நிற்கும்.

இது போதாதென்று தினமும் போன் வேறு. கோலாட்டில் கண்பத் என்று ஒரு படகு வழிகாட்டி. காலை எட்டரைக்கு அவரைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த இரண்டே இந்தி வார்த்தைகளை உரக்கச் சொல்வார்: "பானி ஆயா?" பதில் கேட்டதும் முகம் மலர்ந்து பெட்டி முழுக்க அறிவிப்பார்: "தண்ணி விட்டாச்சு!"

ஒருநாள் பூக்கூடையோடு ஏறிய அக்கா ஒருத்தர் துள்ளி எழுந்துவிட்டார். "எந்தத் தெருவுக்கு சார் வுட்டான்? எங்கூட்டாண்ட நாலு நாளா ஒரு சொட்டு தண்ணி வரல சார்!"

"இங்க இல்லம்மா. மகாராஷ்டிராவுல."

"அய்ய! அங்க வுட்டதுக்கு நீ இன்னாத்துக்கு சார் சிரிச்சிகினு கீற?"

பெயராலும் தொல்லை வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள், 'குண்டலினி சார்' யோகா சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், மூலாதாரத்துலேர்ந்து ஆரம்பிப்பீங்களா?"

"இல்லம்மா, அணையிலேர்ந்து ஆரம்பிப்பேன்."

ஆரம்பித்தும்விட்டார். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மனசே லேசாயிடுச்சு சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சார் ஓய்வு பெற்றபோது ரயில் நண்பர்கள் ஐந்து பேரும் யோசித்தோம். சுவர்க் கடிகாரம், சால்வை எல்லாம் அவருக்கு எதற்கு? அவரையும் அழைத்துக்கொண்டு கோலாட் போய்வர டிக்கெட் எடுத்து, மாடம்பாக்கம் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்தோம். ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்தோம்.

மனிதர் வெளிறிப்போனார். "எனக்கு பிரஷர் இருக்கே" என்றார். "அன்னிக்கு அமாவாசையாச்சே" என்றார். காலண்டரைப் பார்த்தோம். பயண நாளுக்கு ஐந்து நாள் முன்பே அமாவாசை முடிந்துவிடுகிறது.

காபியோடு வந்த அவர் மனைவிதான் போட்டு உடைத்தார். "அந்த ஆத்தை இவர் எங்க பாத்தாரு? இவருக்குத் தண்ணின்னாலே பயம். மகாபலிபுரம் போனா கடலுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்து சுண்டல் சாப்பிடுவாரு!"

ஐந்து பேரும் காபியைக் கையில் வைத்தபடி உறைந்துபோனோம். பதினோரு வருடம்! தண்ணீரின் நிறம், பாறையின் வழுக்கல், அலையின் சத்தம்!

சார் தலையைக் குனிந்துகொண்டார். "பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டிருந்தப்போ ஒரு பழைய பத்திரிகைல படிச்சேன் சார். கடைசிப் பக்கத்த யாரோ கிழிச்சிட்டாங்க. படகுக்காரனோட நாலு பேர் ஏறினாங்களே, அப்புறம் என்னாச்சுன்னு தெரியணுமா இல்லையா? போட்டோல படகு மேல ஒரு போன் நம்பர் எழுதியிருந்துது. பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சுக் கூப்பிட்டேன். கண்பத் எடுத்தான். ஆபீஸ்ல இந்தி தெரிஞ்ச ஒருத்தரைப் பேச வெச்சு மிச்சக் கதை, பாறை, பள்ளம் எல்லாம் ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டேன். அவ்ளோதான். பாத்தேன்னு நான் எப்பவும் சொன்னதில்லையே சார்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நாங்களாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"கரையிலேயே நிக்கறேன்" என்ற ஒப்பந்தத்தின் பேரில் அழைத்துப்போனோம். வண்டியிலிருந்து இறங்கியதும், கறுத்து மெலிந்த ஒருவர் ஓடிவந்து சாரைத் தரையிலிருந்து ஓரடி தூக்கிவிட்டார். கண்பத். இத்தனை வருடம் வெறும் குரலாகவே பழகிய இருவரும், பொதுமொழி இல்லாததால், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வரவில்லை.

எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. ஆறு கூழாங்கல்லும் சேறுமாகக் கிடந்தது. தலைக்கவசம் மாட்டியபடி காத்திருந்த புனேக்காரர்கள் கண்பத்தைச் சூழ்ந்துகொண்டு கத்த ஆரம்பித்தார்கள். அவர் கையைப் பிசைந்தார். சார் அதைப் பார்த்தார். ஒரு பாறை மேல் ஏறி நின்றார். "பாயீ!" என்று, அங்கே வந்து கற்றுக்கொண்ட மூன்றாவது இந்தி வார்த்தையால் அண்ணன் தம்பிகளை அழைத்தார். பிறகு தமிழும் ஆங்கிலமும் கையசைவுமாக ஆற்றின் கதையை ஆரம்பித்துவிட்டார். படகுக்காரனைப் போலத் தள்ளாடினார், அணையைப் போலக் கையை விரித்தார். கத்திய கூட்டம் சிரித்தது, அப்புறம் உட்கார்ந்தது. தங்கள் ஊர்க் கதையை வழிகாட்டிகளே வாய் பிளந்து கேட்டார்கள். ரயில் இல்லாததால் நிறுத்தவும் ஆளில்லை.

திடீரென்று அவரே நிறுத்தினார். "கேக்குதா சார்?"

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த இரைச்சல் வந்தது. பின்னாலேயே ஆறு வந்தது.

கண்பத் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். நீங்கள் ஏறாமல் என் படகு போகாது என்பதை ஒரு சொல் இல்லாமலே புரியவைத்தார். சார் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். உயிர்காப்பு அங்கி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பிறகு நடந்ததை யாரும் நம்பப் போவதில்லை. மூடிய கண்ணைத் திறக்காமலே, "இப்ப இடது பக்கம் யானை மாதிரி ஒரு பாறை வரும்" என்றார். வந்தது. "அடுத்து ஒரு பள்ளம், குனிஞ்சுக்குங்க" என்றார். குனியாத நான் ஒரு வாய் ஆற்றைக் குடித்தேன். நாங்கள் 'ஐயோ அம்மா' என்று அலறிக்கொண்டிருக்க, படகில் நிதானமாக இருந்தவர்கள் கண்பத்தும் குண்டலிகா சாரும்தான்.

தண்ணீர் அடங்கிய இடத்தில் மெல்லக் கண்ணைத் திறந்தார். இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் இது, இவ்ளோ குட்டி ஆறு! இதுக்கா இத்தன வருஷம் உங்க உயிரை வாங்கினேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். குனிந்து கையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு, கரை சேரும்வரை எடுக்கவே இல்லை.

சென்னை திரும்பும் ரயிலில் ஆற்றின் கதையை அவர் ஆரம்பிக்கவே இல்லை. கடப்பா தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நல்ல கனம். கை மரத்துவிட்டது. இருந்தாலும் அரக்கோணம் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.