சம்மாட்டியின் தலையணைக்குக் கீழே ஒரு மண் பெண்

கற்பிட்டியில் உயிரோடிருக்கும் அத்தனை பேரின் நீளமும் அகலமும் தெரிந்த ஒரே மனிதர் அளவுகாரர். சவப்பெட்டி செய்வது தொழில். அளவு நாடா பிடிக்கமாட்டார், பார்வையே போதும். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல உசரம், ஆறடிப் பலகை காணாது" என்றார். பெண்ணின் தாய் கதிரையோடு சாய்ந்தாள். அவர் சந்தைக்குள் நுழைந்தால் அளவு பிடிபடாதிருக்கக் கருவாட்டு வியாபாரிகள் குந்திக்கொள்வார்கள்.

அவரைக் கெடுத்தவன் நான். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். என் அலுமாரிக் கதவைத் திருத்த வந்தவரின் கண்ணில், மேசையில் விரித்திருந்த புத்தகம் பட்டது. பழைய கிரேக்கச் சுடுமண் உருவங்கள்: முக்காடிட்ட பெண், சேவல், கைகால் அசையும் பாவை.

"இதெல்லாம் எங்க கிடந்தது, மாஸ்டர்?"

"சவக்குழியளுக்குள்ள. செத்தவரின்ட ஆக்கள் வச்சது."

"ஏன்?"

ஏன் என்று நிச்சயமாகத் தெரியாதென்றுதான் புத்தகத்தில் இருந்தது. தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "தனியாப் போறவருக்குத் துணைக்கு" என்று அடித்துச் சொன்னேன்.

அளவுகாரர் அதிர்ந்துபோனார். "அப்ப இவ்வளவு காலமும் நான் எல்லாரையும் தனியாவோ அனுப்பினன்?"

அலுமாரிக் கதவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். சிலாபம் பக்கத்து ஓட்டுச் சூளையிலிருந்து களிமண் வந்தது. அவர் முற்றத்தில் மண் உருவங்களைச் சுடத் தேங்காய்ப் பொச்சுமட்டை புகைந்தது. அவர் செய்த சேவல் நாய்போல இருக்கிறது என்றேன். "செத்தவர் கோவிக்கமாட்டார்" என்றார். அது எங்கே போகப்போகிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு பத்துப் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இறந்தார். பெட்டியை மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்த மனைவி, சரிந்த தலையணையை நிமிர்த்தினாள். கீழே ஒரு சாண் உயரத்தில் ஒரு மண் பெண், இடுப்பில் கைவைத்தபடி.

"சூனியம்!" என்று யாரோ அலறினார்கள். செபம் நின்றது. மனைவிக்கு வேறு சந்தேகம்.

"ஆர் இவள்? சொல்லுங்கோ, ஆர் இவள்?" என்று சவத்தையே உலுக்கினாள்.

"அக்கா, நான்தான் வச்சனான். அவருக்குத் துணைக்கு!" என்றார் அளவுகாரர்.

"அவருக்குத் துணையோ? அப்ப நான் ஆரடா?"

சம்மாட்டியின் தம்பிமார் அவரைச் சட்டையில் பிடித்தார்கள். முதல் அடி விழுந்தது. கூட்டத்துக்குள் அவர் கண்கள் என்னைத் தேடிப் பிடித்தன.

"மாஸ்டர், சொல்லுங்கோவன்! கிரேக்க ஆக்களின்ட வழக்கம் எண்டு சொல்லுங்கோ!"

செபம் சொல்ல வந்திருந்த ஃபாதர் என்னைப் பார்த்தார். அவருடைய கோயிலின் பங்குச் சபைக்கு நான்தான் தலைவர். "எனக்கு ஒண்டும் தெரியாது, ஃபாதர்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அந்தத் திடுக்கம் இன்னும் தெளியவில்லை.

அன்றோடு அவர் தொழில் போயிற்று. இப்போது பெட்டிகள் புத்தளத்திலிருந்து லொறியில் வருகின்றன. அளவுகாரர் மீன்பெட்டி அடிக்கிறார்.

ஒன்பது மாதம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

"ஓம் எண்டிருந்தா உங்களுக்கும் விழுந்திருக்கும், மாஸ்டர். உங்கட உடம்பு ஒரு அடிக்கும் காணாது. உங்களைக் கூப்பிட்டது என்ட பிழை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கற்பிட்டியில் இதை வாசிப்பவர்கள் அறியட்டும்: அது சூனியமல்ல. அவருக்கு அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னவன் நான். தெரியாத காரணத்தைத் தெரிந்ததுபோலச் சொன்னவனும் நான். நேற்று சம்மாட்டி வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அங்கிருந்து நேரே அளவுகாரரிடம் போய் எனக்கொரு பெட்டி கேட்டேன். உள்ளே எதை வைப்பது என்பது அவர் விருப்பம். அவர் கையால் போவதென்றால் எனக்குப் பயமில்லை.