வள்ளியம்மா வீட்டுப் பக்கம் திரும்பிய இயேசு

கடவுளின் முகத்தை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்று காவல் காக்கவே பிறந்தவர் எங்கள் 'அழி' ஐயா. அப்படி ஓர் எமகாதகரை அக்கரப்பத்தனைப் பக்கம் அதற்கு முன்பும் யாரும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சுக்கு உபதேசியாராக வந்தார். ஞாயிறு வகுப்பில் எங்களைக் கண்ணை மூடச் சொல்வார்.

"இப்ப என்ன தெரியுது, பிள்ளை?"

"தாடி வச்சிக்கிட்டு, வெள்ள உடுப்புல ஏசப்பா நிக்கிறாருங்க ஐயா."

"அழி!"

மனத்துக்குள் படம் வைத்திருந்தாலும் அது விக்கிரகம்தானாம். தாடியை அழித்தால் கண் மிஞ்சும். கண்ணையும் அழித்தால் உடுப்பு மட்டும் கொடியில் காய்வதுபோல் தொங்கும். சிரித்தால் பிரம்படி.

அதோடு விட்டாரா? வீடு வீடாகப் படம் கழற்றக் கிளம்பினார். எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு படம். நல்லதண்ணியில், மலை யாத்திரை சீசனுக்குப் போடும் கடையில், முருகனுக்கும் புத்தருக்கும் நடுவே இருந்த இயேசுவை அம்மா பேரம் பேசி வாங்கி வந்திருந்தாள். பகலெல்லாம் மலையில் கங்காணியிடம் திட்டு வாங்குகிறவள், கூடையை இறக்கியதும் முறையிட இருந்தது அந்த ஒரு முகம்தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பத்துக் கட்டளையும் எனக்கு மனப்பாடம். அடுத்தவர் வீட்டுச் சுவரில் கை வைக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை!

ஐயா படத்தைக் கழற்றினார். பின்னால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். ஓட்டை வழியாக அடுப்புப் புகை குபுகுபுவென்று வந்தது. புகைக்குப் பின்னால் வள்ளியம்மா அக்காவின் முகம் வந்தது.

"என்னாங்க ஐயா, ஏசு சாமிய எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

ஐயா இருமினார். "இந்தச் சுவரைத் திருத்தச் சொல்ல ஏலாதோ?"

"தொரைகிட்ட சொல்லிச் சொல்லி வாயி வலிச்சிப் போச்சுங்க," என்றாள் அம்மா. "இம்புட்டு நாளா சாமிதான் மறைச்சிக்கிட்டு இருந்தாரு."

ஐயா யோசித்தார். படத்தைத் திருப்பி, முகம் சுவர்ப் பக்கமாக இருக்கும்படி மாட்டினார். ஓட்டையும் மறைந்தது, முகமும் மறைந்தது. எங்களுக்கு மிஞ்சியது முதுகு அட்டை. என்ன மூளை!

அம்மா அழவில்லை. சர்ச்சுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். "அவரு முதுகப் பாத்துக்கிட்டு நான் என்னாத்த பேசுறது?"

அவளைக் கூப்பிட ஐயா வந்த மாலை, எங்கள் வீடெல்லாம் சாம்பிராணி வாசம். சுவருக்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம். ஐயா அடுத்த வீட்டுக்குப் பாய்ந்தார். நான் பின்னால் ஓடினேன். ஓட்டையைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. கீழே விளக்கு. உள்ளே எங்கள் இயேசு, நெற்றி நிறைய விபூதியோடு!

"என்னணை வேலை இது?"

"எங்க வீட்டப் பாத்துத் திரும்பிட்டாருங்களே ஐயா. தேடி வந்த சாமிக்கு வெளக்கு ஏத்தாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

விக்கிரகத்தை ஒழிக்க வந்த மனிதர் ஒரு கோயிலே கட்டிக் கொடுத்திருந்தார்.

திரும்பி வந்து, தன் கைக்குட்டையால் விபூதியைத் துடைத்து, படத்தை எங்கள் பக்கமாக மாட்டினார். அம்மா அப்போதும் விடவில்லை.

"கண்ண மூடுனா ஒங்களுக்கு யாருங்க ஐயா தெரியிறாங்க?"

குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நானும் அழிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் தங்கச்சி. போறாரில்லை."

இப்போது நான் ஜெபிக்கக் கண்ணை மூடினால், முதலில் அவர்தான் கைக்குட்டையோடு வந்து நிற்கிறார், புகையில் இருமிக்கொண்டு. நான் அழிப்பதில்லை.