மதகுருமார் இருக்கையில் ஒரு பெட்டி

“மீன் பெட்டி ஏத்தேலாது அக்கா. நேற்று ஒருத்தர் சூடை மீன் தண்ணியை ஊத்தி, பஸ் முழுக்க இன்னும் மணக்குது.”

முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் நடத்துநர் நிருஷன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். சுமித்திரா, மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற மாதிரியான தன் வெள்ளை றெஜிபோம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“மீன் இல்லைத் தம்பி. மண்.”

“மண்ணோ? பெர்மிட் இருக்கோ?”

“மணல் இல்லையப்பா, வயல் மண். சின்னச் சின்னக் குழாயில.”

“மணலோ மண்ணோ, பொலிஸ் மறிச்சா நான்தான் இறங்கிக் கதைக்கோணும்.”

மாலைக்குள் அந்த மண் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கிற கிருமி செத்துவிடும். வயல்களிலும் மாரி ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. இனி அடுத்த மழைக்குத்தான். அதற்குள் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். ‘வன்னியில் இந்தக் கிருமி இருப்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று கொழும்பில் ஒரு குழு ஏற்கெனவே எழுதிவிட்டது. ‘தேடாத இடத்தில் ஆதாரம் எப்படி இருக்கும்?’ என்று சுமித்திரா திருப்பி எழுதியிருந்தாள். கிருமியைப் பிடித்து, அதன் மரபணுவை முழுதாக வாசித்து, அவர்களுடைய மேசையில் வைக்காமல் விடுவதில்லை என்றிருந்தாள்.

ஆகவே உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

“இதில ஒரு கிருமி இருக்குத் தம்பி. ஆராய்ச்சிக்குக் கொண்டு போறன்.”

இரண்டாம் இருக்கையில் இருந்த புனிதமலர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். “திரும்பவும் கொரோனாவோ?”

“இல்லை அம்மா. மூடி இறுக்கியிருக்கு. ஒண்டும் செய்யாது.”

“ஒண்டும் செய்யாததை என்னத்துக்கு ஆராய்ச்சி?”

“செய்யும்தான். ஆக்களைக் கொல்லும். ஆனா...”

அந்த ‘ஆனா’வை ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பஸ் இறங்கிவிட்டது. நிருஷன் பெட்டியைப் பிடித்து வெளியே தள்ளினான்.

“கையை எடு தம்பி!”

குரல் கொடுத்தவர் இராயப்பு. கடற்றொழிலாளி. காலையிலிருந்து இரண்டு பஸ்களைப் போகவிட்டுவிட்டு மர நிழலில் சாக்கால் மூடிய ஒரு சுமையோடு நின்றவர்.

“பிள்ளை வாய்விட்டுச் சொல்லேலாமல் நிக்குது, விளங்கேல்லையோ? வயல் மண்ணாம், கிருமியாம்! வயல் மண்ணை ஆர் இப்பிடி நெஞ்சோட பிடிக்கிறது? அது கடைசிச் சண்டையில எங்கட சனம் செத்த இடத்து மண். சொன்னா ஆரும் மறிப்பாங்கள் எண்டு மறைக்குது.”

நிருஷன் கையை எடுத்தான். இறங்கிய சனம் தலை குனிந்து நின்றது. சுமித்திரா மறுக்க வாய் திறந்தாள். வாசல் திறந்ததைக் கண்டு மூடிக்கொண்டாள்.

“விலகுங்கோ எல்லாரும். நான் வைக்கிறன்.”

இராயப்பு தன் சுமையையும் தூக்கிக்கொண்டு தனியாக ஏறி, மதகுருமாருக்கென்று ஒதுக்கிய முதல் இருக்கையில் பெட்டியை வைத்தார். புனிதமலரின் மாதா கோயில் முக்காட்டை வாங்கிப் போர்த்தினார். பக்கத்திலேயே காவல் இருந்தார். சுமித்திரா ஏறியபோது பெட்டி முன்னையிலும் உயரமாகத் தெரிந்தது. மரியாதை கிடைத்தால் எதுவும் உயரமாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டதும் புனிதமலர் கேட்டாள்: “ஆருக்காகப் பிள்ளை?”

அதற்குமேல் சுமித்திராவால் பொய்யோடு இருக்க முடியவில்லை. “என்ர தம்பி செந்தூரன். முகாமில, மழைக்குள்ள சேத்தில கிடந்தவன். ‘காய்ச்சல்’ எண்டு மட்டும் எழுதி முடிச்சிட்டினம். என்ன காய்ச்சல் எண்டு ஒருத்தரும் தேடேல்லை. இந்தக் கிருமி சேத்திலதான் இருக்கிறது அம்மா. அதின்ர பேரை எழுதுவிக்காமல் நான் விடமாட்டன்.”

“விடாதை,” என்றாள் புனிதமலர். “என்ர மகனுக்கு அந்த ஒரு சொல்லும் எழுதேல்லை.”

விசுவமடு தாண்ட, மணம் தொடங்கியது.

நிருஷன் மூக்கைச் சுருக்கினான். பெட்டியைப் பார்த்தான். யன்னலைத் திறந்துவிட்டு நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டான். சாரதி பாட்டை நிறுத்தினார்.

சுமித்திரா பெட்டியை எட்டிப் பார்த்தாள். குழாய் உடைந்துவிட்டதா? வயல் மண் இப்படி மணக்காதே! எழுந்துபோய் முக்காட்டில் கை வைத்தாள்.

“தொடாதேங்கோ! போய்ச் சேருமட்டும் திறக்கக்கூடாது,” என்று இராயப்பு மறித்தார்.

“என்ர பெட்டி ஐயா!”

“இப்ப அது எல்லாருக்கும் சொந்தம்.”

“ஓம், ஓம்,” என்றது பஸ். அவளை இழுத்து இருத்தினார்கள்.

பரந்தன் சந்தியில் பஸ் நின்றது. இராயப்பு எழுந்து நின்று கைகூப்பினார்.

“நான் இறங்கமுதல், போன சனத்துக்காக ஒரு நிமிசம் எல்லாரும் கண்ணை மூடுங்கோ.”

பஸ் முழுக்கக் கண்ணை மூடியது. சாரதியும்தான். சுமித்திரா செந்தூரனை நினைத்தாள். இவ்வளவு சனம் அவனுக்காக ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை. தோற்றுப்போக மாட்டேன்டா என்று மனதுக்குள் சொன்னாள்.

அவளுடைய காதோரம் இராயப்புவின் குரல் மெதுவாகக் கேட்டது.

“மேல் பெட்டி உங்கட, பிள்ளை, ஒரு குழாயும் உடையேல்லை. கீழ் பெட்டி என்ர இறால். அடுத்தமுறை எப்ப மண் எடுக்க வாறியள் எண்டு முன்னமே ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ.”