மெர்டேக்காவும் என் வலது அக்குளும்

அக்குள் நாற்றம் உள்ளவனுக்கு அது தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதை மறைத்துவிடலாம் என்று நம்பியதுதான் என் இளமையின் சாதனை. குளிக்காதவன் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு வேளையும் குளிப்பேன். குளித்துவிட்டு நேற்றைய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வேன். (வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்பது என் விஞ்ஞானம்.) அதற்கு மேல் ஜவ்வாது. அது வாடையை விரட்டவில்லை, அதோடு குடித்தனம் நடத்தியது.

நாடு சுதந்திரத்துக்குக் காத்திருந்த சமயம். நானும் அக்காளும் காஜா பெராங் என்ற ஊருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பஸ்ஸில் பார்த்த நாளிலிருந்தே, இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் அடம்பிடித்து வந்தவன் நான். முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து உட்கார்ந்தேன். அடக்கமான பையன் என்று பெண்ணின் அம்மா நினைத்தாராம்.

பெண்ணின் அப்பா, பண்டார் ஹிலிர் திடலில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் நிற்பவர். அந்த வீட்டில் விருந்தாளி வந்தால், காப்பிக்கு முன் எல்லோரும் எழுந்து வலக்கையை உயர்த்தி மூன்று தடவை ‘மெர்டேக்கா’ என்று முழங்க வேண்டும். மெர்டேக்கா என்றால் மலாய் மொழியில் விடுதலை. எனக்கோ அது தண்டனை.

முதல் முழக்கத்துக்கு முழங்கையை அசைக்காமல் விரல்களை மட்டும் தூக்கினேன். அவர் முகம் மாறியது. நான் வெள்ளைக்காரன் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேறு.

“என்னா தம்பி, கை மேல போவலியே. தொரைக்குப் பயமா?”

பெண் கைநழுவிப் போகிறாள் என்று புரிந்துவிட்டது. கூரையைத் தொடுகிற மாதிரி கையை உயர்த்திக் கத்தினேன். என் பின்னால் மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். (கூடப் பிறந்தவளே!) நாற்காலிக்கடியில் தூங்கிய பூனை எழுந்து வெளியே போனது. காப்பித் தட்டோடு வந்த பெண் அப்படியே நின்றாள். நான் மூன்றாவது முழக்கத்துக்கு மூச்சை இழுத்தேன்.

“அப்பா, அவருக்கு நாட்டுப்பற்று இருக்கு. போதும், கைய எறக்கச் சொல்லுங்க.”

மறுநாள் அக்காள் கொண்டுவந்த பதில் ஒரு படிகாரக் கட்டி. கூடவே நர்ஸம்மாவின் உத்தரவு: வியர்வை நாறாது, தோலில் இருக்கும் கிருமி அதில் சேரும்போதுதான் நாறும், சட்டையிலும் ஊறிவிடும். முடியை மழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, படிகாரத்தை நனைத்துத் தேய்க்க வேண்டும். தினமும் துவைத்த சட்டை. ஜவ்வாதைத் தொடக்கூடாது. அடுத்த மாதம் வந்து மறுபடி மெர்டேக்கா சொன்ன பிறகுதான் சம்மதமா இல்லையா என்பது தெரியும்.

(மழித்த கையோடு படிகாரம் தேய்த்தால் என்ன ஆகும் என்பதை அவள் சொல்லவில்லை. அன்றைய முழக்கம் பக்கத்துத் தெருவரை கேட்டது.)

அடுத்த மாதம் போனேன். இரண்டு கைகளையும் தூக்கினேன். அவள் விசிறிக்கு எதிரிலேயே வந்து நின்றாள். பிறகு, “காப்பி ஆறுதுப்பா” என்று சொல்லிச் சிரித்தாள். அன்று நான் அடைந்த சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை.

இப்போதும் மெர்டேக்கா நாளில் தொலைக்காட்சியில் கூட்டம் முழங்கினால் நானும் எழுந்து கையை உயர்த்துவேன். “போதும், கைய எறக்கச் சொல்லுங்கம்மா” என்று பிள்ளைகள் ஓடிப்போய் விசிறியை நிறுத்துவார்கள். மனைவி மட்டும் என் வலப்பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.