பாதித் தாளில் வந்த பக்கவாதம்

எனக்கு வாய் இருப்பதே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஐந்து வருடமும் வாத்தியார் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று சொன்னது கூடப் பக்கத்துப் பெண்தான். இப்படிப்பட்ட கூச்சத்தால் எனக்கு ஒரு முறை பக்கவாதமே வந்துவிட்டது. (உடம்பில் ஒரு குறையும் இல்லாமல்!)

தேயிலை விலை தரையில் கிடந்த காலம். கூடலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் பேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடாது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, இன்றைக்கு யார் பேரை வெட்டியிருக்கிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். பேர் போனால் லயத்து வீடும் போகும்.

அந்த நேரம் பார்த்து என் அண்ணி பாக்கியத்துக்குப் பக்கவாதம் அடித்தது. முப்பது வருடமாக எனக்கு இடது பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர். (நிரை என்றால் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துவிடும் தேயிலைச் செடி வரிசை. அடுத்தவள் நிரையில் கை வைத்தவளோடு மலையில் யாரும் வெற்றிலை கூடப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள்.) சில மாதத்தில் அண்ணி எழுந்தார், நடந்தார், என்னைத் திட்டவும் தொடங்கினார். இடது கையில் மட்டும் பலம் குறைவு. நாற்றுப் பையில் மண் நிரப்பும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டார்.

"புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். இல்லன்னா பேரை வெட்டிருவோம்" என்றார் கிளார்க்கு.

அதற்காகவே வந்ததுபோலக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்தார்.

"வாதம் வந்தவிய ஞாபகம், கவனம் எல்லாம் பாக்கற டெஸ்ட்டுங்க இது. வெள்ளைக்காரங்க செஞ்சது. சீனாக்காரங்க அவிய பேச்சுக்கும் பழக்கத்துக்கும் ஏத்தாப்ல மாத்திக்கிட்டாங்க. நம்ம எஸ்டேட் ஆளுங்களுக்கு நான் மாத்தியிருக்கறனுங்க" என்றார்.

"செடியே சீனாக்காரன்கிட்டருந்து வந்ததுதானே. பரீட்சையும் வரட்டும்" என்றார் அண்ணி.

வெள்ளைக்காரர் தாளில் இதயம் இதயமாகப் போட்டிருந்ததாம். டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு, தாள் நிறையக் கொழுந்து வரைந்திருந்தார். சிலதில் ரெண்டு இலையும் மொட்டும் முழுசாக இருக்கும். சிலதில் ஓர் இலை இருக்காது. முழுசாக இருப்பதன் மேல் மட்டும் கோடு போட வேண்டும்.

"மொதல்ல நோவில்லாத ஒருத்தர் செஞ்சு காட்டோணுமுங்க. அதே வயசு, அதே படிப்பு. அப்பத்தான் ஒத்துப் பாக்க முடியும்."

கிளார்க்கு என்னைக் காட்டினார். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வேண்டுமே!

ஒரே பெஞ்சில் நானும் அண்ணியும். எனக்கு இடது பக்கம் அண்ணி, வழக்கம்போல. மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே தாள். பையில் மடித்துக் கொண்டுவந்ததால் தாளின் நடுவில் நேராக ஒரு மடிப்புக் கோடு, ரெண்டு நிரைக்கு நடுவில் ஓடும் தடம் மாதிரி. எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வலது பாதியில் ஒரு முழுக் கொழுந்து விடாமல் கோடு போட்டேன். இடது பாதியை அப்படியே விட்டுவிட்டு, உன் நிரை காத்திருக்கிறது என்பதுபோல அண்ணி பக்கம் தள்ளினேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஏனுங்கம்மா, இடது பக்கம் ஏதாச்சும் கண்ணுக்குத் தெரியுதுங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒருக்கா சிரிங்க பாக்கலாம்."

எனக்கு இடது பக்கம் ரெண்டு பல் இல்லை. அதனால் எப்போதும் வலது பக்கமாக மட்டும்தான் சிரிப்பேன். அன்றைக்கும் அப்படியே சிரித்துவைத்தேன்.

"ரெண்டு கையயும் தூக்குங்க."

என் ஸ்வெட்டர் இடது அக்குளில் கிழிந்திருந்தது. எதிரே கிளார்க்கு நிற்கிறார். வலது கையை மட்டும் தூக்கினேன்.

"அய்யோ, வண்டி! வண்டி எடுங்க! இவியளுக்கு இப்பத்தான் ஸ்ட்ரோக் வந்துட்டு இருக்குது!"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன், என் வழக்கமான குரலில்.

"பேச்சும் போச்சுங்க!" என்றார் டாக்டரம்மா.

கொழுந்தில்லாமல் சும்மா நின்ற கொழுந்து லாரியைக் கிளப்பினார்கள். நாலு பெண்கள் என்னைத் தூக்கிச் சாக்கின் மேல் கிடத்தினார்கள். (அதில் ஒருத்தி, "நல்ல கனம்" என்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.) லாரிக்குப் பக்கத்தில் நின்று கிளார்க்கு பதிவேட்டைத் திறந்தார்.

"நல்லா இருந்தவளே இப்படின்னா, வாதம் வந்தவ கதை என்ன? டெஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரையும் வெட்டிரலாம்" என்று பேனா மூடியைக் கழற்றினார்.

அண்ணியைப் பார்த்தேன். என்னைத் திட்டுவதற்கென்றே பிறந்தவர், கிளார்க்கின் பேனாவையே பார்த்தார். பலமில்லாத இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குள் என்ன ஆனதோ தெரியவில்லை. லாரியில் எழுந்து நின்று ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினேன்.

"அது அண்ணி நெரை! அண்ணி நெரையில நான் எப்படிங்க கை வைப்பேன்?"

நான் கத்தியது பேக்டரி வரைக்கும் கேட்டதாம். ஸ்வெட்டர் அக்குளிலிருந்து இடுப்பு வரை கிழிந்ததும் கேட்டிருக்கும். நான் பயந்து பயந்து மறைத்த கிழிசலை எஸ்டேட்டே பார்த்தது.

டாக்டரம்மா தாளைத் திருப்பி, மடிப்புக் கோட்டைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். அப்புறம் காம்பரா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கின குழந்தையெல்லாம் எழுந்துவிட்டது.

உள்ளே கூட்டிப்போய் அண்ணிக்குப் புதுத் தாள் கொடுத்தார்.

"இது முழுக்க என் நெரையா? இல்ல, இவளுக்கும் பங்கு உண்டா?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார் அண்ணி.

"முழுக்க உங்குளுதுங்க."

பலமில்லாத கையால் தாளை அழுத்திக்கொண்டு, இடது வலது இரண்டு பக்கமும் மெதுவாக முடித்தார். "இதுல மொட்டு விரிஞ்சிருச்சு. கங்காணி ஒத்துக்க மாட்டாரு" என்று டாக்டரம்மா வரைந்த படத்திலும் ஒரு குறை கண்டுபிடித்தார். அங்கேயே கையெழுத்துக் கிடைத்தது. அண்ணி பேர் நின்றது. மறுநாளே மண் நிரப்பப் போனார்.

என் பேர்தான் ஒரு வாரம் தொங்கியது. 'இந்தம்மாவுக்கு ஒன்றும் இல்லை' என்று பெரிய டாக்டர் எழுதித் தரும் வரை என்னைக் கொழுந்துக்கு விடவில்லை. அந்த வாரம் முழுக்க வாதம் வந்தவர் வேலைக்குப் போனார், வாதம் வராத நான் வீட்டில் படுத்திருந்தேன். டாக்டரம்மா அதற்குப் பிறகு தாளின் தலையில், 'தாள் முழுவதும் உங்கள் நிரை' என்று அச்சடித்துவிட்டாராம்.

போன மாதம் பேத்தி கல்யாணத்தில் போட்டோக்காரர், "பாட்டி, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். உடனே மேடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "லாரியைக் கூப்பிடு!"

போட்டோ வந்துவிட்டது. எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நான் மட்டும் வலது பக்கமாகச் சிரிக்கிறேன். எனக்கு இடது பக்கம் அண்ணி. நடுவில், நிரைக்கு நிரை தடம் விடுவதுபோல, ஒரு முழம் இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.